நீச்சல் குளத்தில் லைஃப்கார்டு வேலை: கதவு திறப்பதிலிருந்து பூட்டுவது வரை முழுமையான வழிகாட்டி

"லைஃப்கார்டு தேவை. நீச்சல் தெரிந்திருக்க வேண்டும். குளம் பராமரிப்பில் அனுபவம் இருந்தால் முன்னுரிமை. குழந்தைகளுக்குக் கற்றுத்தரத் தெரிந்தால் நல்லது." அபார்ட்மெண்ட், ஹோட்டல், ரிசார்ட் என்று எந்த இடத்துக்கு ஆள் எடுத்தாலும் விளம்பரம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். ஒரே சம்பளத்தில் மூன்று ஆள். இதில் லைஃப்கார்டு வேலை என்பது முதல் வரி மட்டும்தான். மற்ற இரண்டையும் அதே நேரத்தில் செய்யச் சொன்னால் முதல் வேலை நடக்காது.

இதை எரிச்சலில் சொல்லவில்லை. நியூயார்க்கின் ஆர்ச்சர்ட் பீச்சில் லைஃப்கார்டாக இருந்த ஃபிராங்க் பியா என்பவர், காவல் இருக்கும்போதே ஆட்கள் ஏன் மூழ்கிச் சாகிறார்கள் என்று ஆராய்ந்து 1984-இல் மூன்று காரணங்களைச் சொன்னார். மூழ்குபவரை மூழ்குபவர் என்று அடையாளம் காணாதது. கண்காணிப்பின் நடுவே வேறு வேலைகள் நுழைவது. கவனம் சிதறுவது. மூன்றிலுமே நீச்சல் திறமை பற்றிப் பேச்சே இல்லை என்பதைக் கவனியுங்கள். இந்த வழிகாட்டி முழுக்க இந்த மூன்றையும் சுற்றித்தான் வரும்.

இது குளத்துக்கான வழிகாட்டி. கடற்கரையில் அலை, நீரோட்டம், கொடி, படகு என்று எல்லாமே வேறு. மெரினா மாதிரி உள்ளே இழுக்கும் கடலில் குளத்துப் பயிற்சியை மட்டும் நம்பி இறங்குவது ஆபத்து. அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும்.

1. சேரும் முன்: உடம்பும் சான்றிதழும்

கிணற்றில் குதித்துக் கற்றுக்கொண்ட நீச்சல் நல்ல அடித்தளம். ஆனால் தனியாக நீந்துவது வேறு, தன்னைப் பிடித்து அமுக்கும் ஒருவரை இழுத்துக்கொண்டு நீந்துவது வேறு. உங்கள் நிலை என்ன என்று தெரிந்துகொள்ள இரண்டு அளவுகோல்கள் சொல்கிறேன்.

பிரிட்டனில் குள லைஃப்கார்டு படிப்பில் சேரவே 50 மீட்டரை 60 விநாடிக்குள் நீந்த வேண்டும். முன்புறமாகவும் மல்லாந்தும் 100 மீட்டர் நிற்காமல் நீந்த வேண்டும், ஆழத்தில் 30 விநாடி நின்ற இடத்திலேயே மிதக்க வேண்டும், குளத்தின் ஆழமான இடத்தில் தரை வரை மூழ்கி வர வேண்டும். அமெரிக்க செஞ்சிலுவைச் சங்கத்தின் தேர்வில் ஒரு செங்கல் சோதனை உண்டு. ஏறத்தாழ 18 மீட்டர் நீந்திப் போய், மூழ்கி, தரையில் கிடக்கும் நாலரை கிலோ எடையை எடுத்து, அதை இரு கைகளாலும் நெஞ்சோடு பிடித்தபடி மல்லாந்து திரும்பி வந்து, ஏணியைப் பிடிக்காமல் கரையேற வேண்டும். எல்லாம் 1 நிமிடம் 40 விநாடிக்குள். திரும்பும்போது முகம் தண்ணீருக்கு மேலேயே இருக்க வேண்டும். ஒரு முறை செய்து பாருங்கள், கால் மட்டும் வைத்து நீந்துவது எவ்வளவு கஷ்டம் என்று புரியும்.

இந்தியாவில் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் கோவாவில் இருக்கும் தேசிய நீர் விளையாட்டு நிறுவனமும், ராஷ்ட்ரிய லைஃப் சேவிங் சொசைட்டியும் லைஃப்கார்டு பயிற்சி தருகின்றன. வளைகுடா நாடுகளுக்கோ கப்பலுக்கோ போகும் எண்ணம் இருந்தால், அங்கே எந்தச் சான்றிதழை ஏற்பார்கள் என்று முதலில் கேட்டுக்கொண்டு பணம் கட்டுங்கள். பிரிட்டன் சான்றிதழுக்கு ஆயுள் 2 வருடம்தான்; அதற்குள் திரும்பத் தேர்வு எழுத வேண்டும். சான்றிதழை ஃப்ரேம் போட்டு மாட்டிவிட்டால் சி.பி.ஆர். (இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தி, மூச்சு கொடுக்கும் முதலுதவி) கைக்குள் தங்காது. மாதம் ஒரு முறையாவது பொம்மையின் மீது அழுத்திப் பழக வேண்டும்.

2. கதவு திறக்கும் முன்

காலை 6 மணிக்குக் குளம் திறக்கிறது என்றால் நீங்கள் ஐந்தேகாலுக்காவது அங்கே இருக்க வேண்டும். முதலில் செய்ய வேண்டியது குளத்தைச் சுற்றி ஒரு நடை, தண்ணீருக்கு அடியில் இருக்கும் தரையைப் பார்த்தபடி. இரவில் சுவர் ஏறிக் குதித்துக் குளித்தவர்கள் உண்டு. குளத்தில் யாரும் இல்லை என்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்யாமல் வேறு எதையும் தொடாதீர்கள்.

அந்த நடையிலேயே தண்ணீரின் தெளிவும் தெரிந்துவிடும். ஆழமான பக்கத்தின் தரையில் இருக்கும் வடிகால் மூடி கரையிலிருந்து பளிச்சென்று தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் குளம் திறக்கக் கூடாது. இதில் பேரமே இல்லை. கலங்கிய தண்ணீரில் அடியில் கிடக்கும் குழந்தை ஒரு நிழலாகக் கூடத் தெரியாது. "நேத்து மழை பெஞ்சதுல கொஞ்சம் கலங்கியிருக்கு, மத்தியானம் சரியாயிடும்" என்று மேனேஜர் சொன்னால், மத்தியானம் திறந்துகொள்ளலாம் என்று சொல்லுங்கள்.

அந்த மூடி உடைந்திருக்கிறதா, ஆடுகிறதா என்பதையும் பாருங்கள். மோட்டார் இழுக்கும் வேகத்தில் முடி, உடை, கை எது வேண்டுமானாலும் அதில் சிக்கும். 2002-இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் கிரேம் பேக்கர் என்ற 7 வயதுச் சிறுமி, தொட்டியின் உறிஞ்சும் வாயில் மாட்டி, மீள முடியாமல் இறந்தாள். அந்தக் குடும்பம் போராடியதில் 2007-இல் அவள் பெயரிலேயே அங்கு ஒரு பாதுகாப்புச் சட்டம் வந்தது. மூடி சரியில்லை என்றால் மோட்டாரை நிறுத்துங்கள், குளத்தை மூடுங்கள், அப்புறம் ஆளைக் கூப்பிடுங்கள். மோட்டார் ஸ்விட்ச் எங்கே என்று தெரியாமல் எந்தக் குளத்திலும் வேலையில் உட்காராதீர்கள்.

அடுத்தது தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட். குளோரின் 1 முதல் 3 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்ற அளவு), பி.ஹெச். (தண்ணீரின் அமில, காரத் தன்மையின் அளவு) 7.2 முதல் 7.8. பி.ஹெச். ஏறிவிட்டால் குளோரின் இருந்தும் சரியாக வேலை செய்யாது. அதனால் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கண் எரிகிறது, "குளோரின் வாடை தூக்குது" என்று ஆட்கள் சொன்னால், குளோரின் அதிகம் என்று உடனே முடிவுகட்டாதீர்கள். வியர்வை, சிறுநீர், எண்ணெய் இவற்றோடு குளோரின் சேர்ந்து உண்டாகும் சேர்மங்கள்தான் பெரும்பாலும் அந்த வாடைக்குக் காரணம். நம் ஊரில் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு அப்படியே இறங்குவது சகஜம். ஷவரில் குளித்துவிட்டு வரச் சொல்வதும் உங்கள் வேலைதான்.

மருந்து போடும் வேலையும் உங்கள் தலையில் இருந்தால் நாலு விஷயம். பவுடரைத் தண்ணீரில் போட வேண்டும், பவுடரின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. குளோரினும் ஆசிடும் ஒரே வாளியைப் பார்க்கக் கூடாது, சேர்ந்தால் விஷவாயு. குளோரின் பவுடரையும் குளோரின் மாத்திரையையும் கலக்கக் கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஆட்கள் தண்ணீரில் இருக்கும்போது எதையும் கொட்டக் கூடாது.

கடைசியாக உபகரணங்கள். ரெஸ்க்யூ ட்யூப் (தோளில் மாட்டும் பட்டை வைத்த நீள மிதவை) கிழிந்திருக்கிறதா, பட்டை உறுதியாக இருக்கிறதா. கயிறு கட்டிய வளைய மிதவை, நீளக் கம்பு, முதலுதவிப் பெட்டி, மூச்சு கொடுக்கும் மாஸ்க், முதுகெலும்பு அசையாமல் தூக்க உதவும் ஸ்பைன் போர்டு, ஏ.இ.டி. (நெஞ்சில் ஒட்டி இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி) இருந்தால் அதன் பேட்டரி விளக்கு. போனில் சார்ஜ். குளத்தின் முழு முகவரியும், எந்த கேட் வழியாக ஆம்புலன்ஸ் வர வேண்டும் என்பதும் பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். பெரிய அபார்ட்மெண்டுகளில் ஆம்புலன்ஸ் நேரத்தைத் தொலைப்பது செக்யூரிட்டி கேட்டில்தான்.

3. நாற்காலியில் உட்கார்ந்தபின்

இந்த வேலையில் பெரும்பகுதி பார்ப்பதுதான். கேட்பதற்குச் சுலபம். அரை மணி நேரம் பார்த்தவருக்குத்தான் கஷ்டம் தெரியும்.

10/20 என்று ஒரு விதி சொல்லித்தருவார்கள். உங்கள் பொறுப்பில் உள்ள பகுதி முழுவதையும் 10 விநாடிக்குள் கண் ஒரு சுற்று வந்துவிட வேண்டும். சிக்கல் தெரிந்தால் அங்கிருந்து 20 விநாடிக்குள் அந்த ஆளிடம் போய்ச் சேர வேண்டும். உங்கள் குளத்தில் இது முடிகிறதா என்று ஆள் இல்லாத நேரத்தில் செய்து பாருங்கள். நாற்காலியிலிருந்து குதித்து, மிகத் தூரத்து மூலைக்கு நீந்திப் போக 30 விநாடி ஆகிறது என்றால் நாற்காலி இடம் மாற வேண்டும், இல்லையென்றால் இன்னொரு ஆள் வேண்டும்.

பார்வை தரையிலிருந்து தொடங்கட்டும். அடித்தளம், நடுத்தண்ணீர், மேற்பரப்பு, இந்த வரிசை. மேலே நடக்கும் கூத்து தானாகவே கண்ணை இழுக்கும், அடியில் இருப்பது இழுக்காது. டைல்ஸ் கோடுகள் உதவும்: நேராக இருக்க வேண்டிய கோடு ஓர் இடத்தில் மறைந்தால் அங்கே ஏதோ இருக்கிறது. துண்டா, நிழலா, ஆளா என்று யோசித்துக்கொண்டு உட்காராதீர்கள். எழுந்து போய்ப் பாருங்கள். துண்டு என்று தெரிந்தால் நல்லது, திரும்பி வந்து உட்காரலாம்.

எந்தக் குளத்திலும் குருட்டு மூலைகள் உண்டு. உங்கள் நாற்காலிக்கு நேர் கீழே, சறுக்கு மரத்தின் பின்னால், படிக்கட்டு ஓரம், ஓவர்ஃப்ளோ சுவரின் அடி. இதில் கொடியது வெயில். சாயங்காலம் நாலு மணிக்கு மேற்கு வெயில் தண்ணீரில் பட்டுத் தகதகவென்று அடிக்கும்போது பாதிக் குளம் கண்ணாடியாகிவிடும். தண்ணீரின் கூசலைக் குறைக்கும் போலரைஸ்டு கண்ணாடி போடுங்கள், நாற்காலியை வெயிலுக்கு முதுகு காட்டித் திருப்புங்கள், அதுவும் போதவில்லை என்றால் எழுந்து நடந்தபடி பாருங்கள். ஒரு பொம்மையையோ கறுப்பு ரப்பர் ஷீட்டையோ அடியில் போட்டு, ஒவ்வொரு நேரத்திலும் எங்கிருந்து அது தெரியவில்லை என்று குறித்துவைத்தால் உங்கள் குளத்தின் வரைபடமே கையில் கிடைத்துவிடும்.

கண் நகர்ந்துகொண்டே இருந்தாலும் மூளை நின்றுவிடும் என்பதுதான் பெரிய தொல்லை. அதற்கு ஒரு வழி, தலை எண்ணுவது. எட்டு தலை இருந்தது, இப்போது ஏழு. அந்த எட்டாவது தலை எங்கே? கரையேறியதைப் பார்த்தோமா? இன்னொரு வழி, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கேள்வியை மாற்றுவது. இந்தச் சுற்றில் யாருக்கு நீச்சல் வராது என்று பார்ப்பது, அடுத்த சுற்றில் யார் களைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பது. சில நிமிடத்துக்கு ஒரு முறை நிற்பது, உட்காருவது, நடப்பது என்று மாற்றுங்கள். அரை மணிக்கு ஒரு முறை ஆள் மாறுவது நல்லது. எப்படியும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒரே ஆள் தொடர்ந்து பார்க்கக் கூடாது. வெயிலில் இன்னும் குறையும். தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் அலங்காரப் பொருள்கள் இல்லை.

போன் நாற்காலியில் இருக்கக் கூடாது. அவசரத்துக்குத் தேவைப்படும் போன் சுவரில் அதன் இடத்தில் இருக்கட்டும். உங்கள் சொந்த போன் லாக்கரில்.

4. மூழ்குபவர் எப்படி இருப்பார்

சினிமாவில் மூழ்குபவர் கையை ஆட்டி "காப்பாத்துங்க" என்று கத்துவார். நிஜத்தில் கத்த முடிந்தவருக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கிறது. அவரும் ஆபத்தில்தான் இருக்கிறார், உதவி வேண்டும், ஆனால் வாய் தண்ணீருக்கு மேல் இருக்கிறது, மூச்சு இருக்கிறது.

நிஜமாகவே மூழ்குபவர் சத்தம் போட மாட்டார். பேசுவதற்கு முதலில் மூச்சு வேண்டும். அவர் வாய் தண்ணீருக்கு மேலே வரும் அந்தக் கண நேரம் மூச்சு விட்டு இழுக்கவே பத்தாது. கையை ஆட்டவும் மாட்டார். இரண்டு கையும் பக்கவாட்டில் நீண்டு தண்ணீரை அமுக்கும், அது அவர் இஷ்டத்தில் நடப்பதில்லை. உடம்பு நெட்டுக்குத்தலாக நிற்கும், கால் உதைப்பு இருக்காது, தலை பின்னால் சாய்ந்து வாய் தண்ணீர் மட்டத்தில் இருக்கும். ஏணியில் ஏறப் பார்ப்பது மாதிரி இருக்கும், ஆனால் நகர மாட்டார். ஃபிராங்க் பியா இதைப் படமெடுத்தே காட்டினார். அவர் கணக்கில் இந்த நிலை 20 முதல் 60 விநாடிதான். அதற்குள் ஆள் அடியில் போய்விடுவார். சின்னக் குழந்தை என்றால் அந்த 20 விநாடியைத்தான் எதிர்பார்க்க வேண்டும்.

சுற்றி நிற்பவர்களுக்கு இது விளையாட்டு மாதிரியே தெரியும். அண்ணன் பக்கத்திலேயே நீந்திக்கொண்டிருப்பான், தம்பி மூழ்குவது தெரியாது. சந்தேகம் வந்தால் பேச்சுக் கொடுங்கள்: "தம்பி, நல்லாயிருக்கியா?" பதில் வந்தால் சரி. வெறித்த பார்வை மட்டும் வந்தால் நீங்கள் ஏற்கெனவே தண்ணீரில் இருக்க வேண்டும்.

போராட்டமே இல்லாமல் மூழ்குபவர்களும் உண்டு. வலிப்பு வந்தவர், மாரடைப்பு வந்தவர், தலையில் அடிபட்டவர், குடித்துவிட்டு இறங்கியவர். இன்னொரு வகை, நன்றாக நீந்தத் தெரிந்த இளைஞர்கள். "ஒரே மூச்சில் எவ்வளவு தூரம் அடியிலேயே போறேன் பார்" என்று பந்தயம் கட்டி, இறங்குமுன் வேகவேகமாக மூச்சு இழுத்து விடுவார்கள். அப்படிச் செய்தால் உடலில் கார்பன் டை ஆக்சைடு குறையும். மூச்சு விட வேண்டும் என்ற தவிப்பைத் தூண்டுவது அதுதான். தவிப்பு வருவதற்குள் ஆக்சிஜன் தீர்ந்து, தண்ணீருக்கடியிலேயே மயங்கிவிடுவார்கள். மூச்சுப் பந்தயம் எந்தக் குளத்திலும் அனுமதிக்க வேண்டியது இல்லை.

5. விசிலும் பேச்சும்

நாள் முழுக்க ஒரு முறை கூடத் தண்ணீரில் குதிக்காத லைஃப்கார்டு சோம்பேறி என்று நினைப்பவர்கள் உண்டு. பெரும்பாலும் அவர்தான் வேலையை ஒழுங்காகச் செய்திருப்பார்.

விசிலுக்குப் பொதுவான ஒரு ஒழுங்கு உண்டு. ஒரு சின்ன விசில், நீந்துபவரைக் கூப்பிட. இரண்டு, சக லைஃப்கார்டைக் கூப்பிட. மூன்று, நான் இறங்குகிறேன். ஒரே நீள விசில், எல்லோரும் வெளியே வாருங்கள். எந்த ஒழுங்கை வைத்தாலும் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும். தொட்டதற்கெல்லாம் ஊதினால் நாலாவது நாள் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

குழந்தைகளிடம் "ஓடாதே" என்பதைவிட "நடந்து போடா கண்ணா" என்றால் காதில் ஏறும். ஏன் என்பதையும் ஒரு வரியில் சொல்லுங்கள். பெரியவர்கள்தான் கஷ்டம். குழந்தையின் கையில் காற்றடைத்த ஃப்ளோட்டை மாட்டி, "தம்பி, கொஞ்சம் பாத்துக்கப்பா" என்று உங்களிடம் விட்டுவிட்டு போனோடு போய் உட்கார்ந்துவிடுவார்கள். இதற்குச் சிரித்த முகத்தோடு ஒரே பதில்: "சார், நான் மொத்தக் குளத்தையும் பாக்கணும். பாப்பாவுக்குக் கைக்கெட்டுற தூரத்துல நீங்க இருக்கணும்." அந்த ஃப்ளோட் விளையாட்டுச் சாமான், கழன்றால், காற்று இறங்கினால் முடிந்தது. காற்றடைத்த வளைய ட்யூபில் உட்கார்ந்திருக்கும் குழந்தை கவிழ்ந்தால் தலைகீழாக மாட்டிக்கொள்ளும்.

உடையும் வாக்குவாதத்துக்கு வரும். ஜீன்ஸ், நைட்டி, துப்பட்டாவோடு சுடிதார், வேட்டி. நனைந்த பருத்தித் துணி கனக்கும், காலில் சுற்றும். விதியைச் சொல்லும்போது ஆளைக் கூச்சப்பட வைக்காதீர்கள். முழு உடம்பும் மூடும் நீச்சல் உடை கடையில் கிடைக்கிறது என்று சொன்னாலே பல அக்காக்களுக்கு நிம்மதி.

குடித்தவர்களை இறங்கவிடக் கூடாது. ரிசார்ட்டில் இது தினசரிப் போராட்டம். "நான் யார் தெரியுமா" என்று ஆரம்பிப்பவரோடு நீங்கள் பேசிக்கொண்டிருக்கும் அந்த இரண்டு நிமிடம் குளத்தை யார் பார்ப்பது? அதனால் வாக்குவாதம் உங்கள் வேலை இல்லை. மேனேஜரைக் கூப்பிடுங்கள், நீங்கள் தண்ணீரைப் பாருங்கள். நீச்சல் கற்றுத்தருவதற்கும் இதே கணக்கு. ஒரு குழந்தையின் வயிற்றைத் தாங்கிப் பிடித்திருக்கும் கோச், அந்த நேரத்தில் மற்ற பத்துப் பேருக்கு லைஃப்கார்டு இல்லை. மே மாத விடுமுறையில் கூட்டம் பிதுங்கும்போது இதைத்தான் எல்லா இடத்திலும் மறக்கிறார்கள்.

6. இறங்க வேண்டி வந்தால்

மூன்று விசில். சுற்றியுள்ளவர்களுக்கும் சக ஆளுக்கும் தெரிந்துவிடும். கைக்கு எட்டினால் கரையிலிருந்தே கம்பை நீட்டுங்கள், கொஞ்சம் தள்ளி இருந்தால் மிதவையை வீசுங்கள். அது முடியாதபோதுதான் இறங்க வேண்டும். வீசுவது ஆளுக்கு அந்தப் பக்கம் விழும்படி வீசி, இழுத்துக்கொண்டு வந்து கையில் சேர்க்க வேண்டும்.

இறங்கினால் ட்யூபோடு இறங்குங்கள். வெறுங்கையோடு போகாதீர்கள். பதறியவர் கிடைத்ததைப் பிடித்து அதன் மேல் ஏறுவார், அது உங்கள் தலையாக இருந்தாலும் சரி. உயரமான நாற்காலியிலிருந்து குதிக்கும்போது ட்யூபின் பட்டை எதிலும் சிக்காமல் சேர்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள். தலை தண்ணீருக்கு மேலேயே இருக்கட்டும்; கண் ஆளை விடக் கூடாது.

நினைவோடு இருந்தால் சற்றுத் தள்ளி நின்று பேசுங்கள், ட்யூபை நீட்டி அவருக்கும் உங்களுக்கும் நடுவே வையுங்கள். பின்புறமாகப் போக முடிந்தால் அக்குளுக்குக் கீழே கை கொடுத்து ட்யூப் அவர் முதுகுக்கும் உங்கள் நெஞ்சுக்கும் நடுவே வரும்படி அணைத்து, பின்னால் சாய்த்து இழுங்கள். உங்களைக் கட்டிப் பிடித்துவிட்டால் மூச்சை இழுத்துக்கொண்டு கீழே போங்கள். அவருக்கு வேண்டியது மேலே இருக்கும் காற்று, அதனால் பிடி தளரும். அவரைத் தள்ளிவிட்டு விலகி வந்து திரும்ப அணுகுங்கள்.

7. கரையில் முதல் சில நிமிடங்கள்

மல்லாக்கப் படுக்க வையுங்கள். கூப்பிட்டுப் பாருங்கள், தோளைத் தட்டுங்கள், மூச்சு இருக்கிறதா என்று 10 விநாடிக்கு மேல் போகாமல் பாருங்கள். விக்கல் மாதிரி எப்போதாவது வரும் இழுப்பு மூச்சு ஆகாது. கூட்டத்தைப் பார்த்து "யாராவது போன் பண்ணுங்க" என்றால் யாரும் பண்ண மாட்டார்கள். ஒருவரைக் காட்டிச் சொல்லுங்கள்: "நீலச் சட்டை அண்ணா, நீங்க 108-க்குப் போன் போடுங்க, ஸ்பீக்கர்ல வெச்சு இங்கேயே நில்லுங்க."

இங்கே ஒரு பழைய பழக்கத்தோடு சண்டை போட வேண்டியிருக்கும். வயிற்றை அமுக்கித் தண்ணீரை வெளியே எடு, தலைகீழாகப் பிடி, தோளில் போட்டுச் சுற்று என்று கூட்டத்தில் நாலு பேர் கத்துவார்கள். இதில் எதையும் செய்யாதீர்கள். வயிற்றை அமுக்கினால் உள்ளே இருப்பது வாந்தியாக மேலே வந்து மூச்சுக் குழாயில் இறங்கும். அவருக்குத் தேவை ஆக்சிஜன். தண்ணீரை எடுக்கச் செலவிடும் ஒவ்வொரு விநாடியும் ஆக்சிஜன் இல்லாத விநாடி.

மூழ்கியவருக்கு மூச்சு கொடுப்பதில் தொடங்க வேண்டும். நெஞ்சை மட்டும் அழுத்தும் சி.பி.ஆர். இதயம் திடீரென்று தானாக நின்றவருக்குச் சொல்லித்தரப்படுவது. மூழ்கியவருக்கு இதயம் நிற்பதே மூச்சு நின்றதால்தான். ஐரோப்பிய வழிமுறையில் முதலில் 5 மூச்சு, அமெரிக்க வழிமுறையில் 2. உங்களுக்கு எது கற்றுத்தந்தார்களோ அதைச் செய்யுங்கள். தலையைப் பின்னால் சாய்த்து, தாடையைத் தூக்கி, மூக்கை மூடி, நெஞ்சு எழும்புகிற அளவுக்கு ஊதினால் போதும். அப்புறம் 30 அழுத்தம், 2 மூச்சு என்று தொடருங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகம். பெரியவருக்கு 5 முதல் 6 செ.மீ. ஆழம், குழந்தைக்கு நெஞ்சின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு. வாயில் நுரை வந்துகொண்டே இருக்கும், அதைத் துடைத்துக்கொண்டு நிற்காதீர்கள். வாந்தி வந்தால் ஒருக்களித்துத் துடைத்துவிட்டுத் தொடருங்கள். ஏ.இ.டி. வந்தால் நெஞ்சை நன்றாகத் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். ஆம்புலன்ஸ் ஆட்கள் கையில் எடுத்துக்கொள்ளும் வரை நிறுத்தாதீர்கள்.

மூச்சு திரும்பி எழுந்து உட்கார்ந்து, "ஒண்ணுமில்ல சார், வீட்டுக்குப் போறேன்" என்பார். விடாதீர்கள். நுரையீரலில் தண்ணீர் போனவருக்குச் சில மணி நேரம் கழித்தும் மூச்சுத் திணறல் வரலாம். இருமல் நிற்கவில்லை, மூச்சு வேகமாக இருக்கிறது, குழப்பமாகப் பேசுகிறார் என்றாலோ, ஒரு மூச்சாவது கொடுக்க வேண்டியிருந்தது என்றாலோ, ஆஸ்பத்திரி கட்டாயம்.

8. அடிக்கடி வராத, ஆனால் தெரிந்திருக்க வேண்டியவை

ஆழமில்லாத பக்கம் தலைகுப்புறக் குதித்து அடிபட்டவர்: கழுத்தெலும்பு முறிந்திருக்கலாம். தலையும் கழுத்தும் உடம்பும் ஒரே கோட்டில் இருக்கும்படி பிடித்து, தண்ணீரிலேயே மிதக்கவைத்து, போர்டு வரும் வரை காத்திருங்கள். மூச்சு இல்லை என்றால் காத்திருக்கக் கூடாது. உடனே வெளியே எடுத்து மூச்சு கொடுங்கள்.

தண்ணீரில் வலிப்பு: பின்னாலிருந்து தலையைத் தாங்கி முகத்தை மேலே வைத்திருங்கள், வலிப்பு அடங்கியதும் வெளியே எடுங்கள், 108.

இடி: கடைசி இடிச் சத்தத்திலிருந்து 30 நிமிடம் யாரும் தண்ணீரில் இருக்கக் கூடாது.

குழந்தை தண்ணீரில் மலம் கழித்துவிட்டால் எல்லோரையும் வெளியே எடுத்து, வலையால் அள்ளி, குளோரினை 2 பி.பி.எம்.மிலும் பி.ஹெச்.சை 7.5-க்கு மிகாமலும் அரை மணி நேரம் வைத்திருந்துவிட்டுத் திறக்கலாம். வயிற்றுப்போக்கு என்றால் கதையே வேறு: கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி சாதாரணக் குளோரினுக்குச் சாகாது, 20 பி.பி.எம்.மில் பன்னிரண்டே முக்கால் மணி நேரம் வைத்திருக்கச் சொல்கிறது அமெரிக்க நோய்த் தடுப்பு மையம். அன்றைக்குக் குளம் மூடல்தான்.

9. ஆள் மாறுவதும் பூட்டுவதும்

ஷிஃப்ட் மாறும் அரை நிமிடம் ஆபத்தான நேரம். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். வருபவர் முதலில் தண்ணீரைப் பார்த்து ஒரு சுற்று முடித்து "நான் பாத்துக்கிறேன்" என்ற பிறகுதான் போகிறவர் கண்ணை எடுக்க வேண்டும். "சிவப்புத் தொப்பிப் பையன் ஆழத்துப் பக்கமே போறான்" மாதிரி ஒரு வரித் தகவல் போதும். அதையும் தண்ணீரைப் பார்த்தபடியே சொல்லலாம்.

மூடும்போது மறுபடி தரை நடை, கழிவறை, உடைமாற்றும் அறை, அப்புறம் கேட். நோட்டில் தேதி, நேரம், குளோரின், பி.ஹெச்., உபகரணக் குறை, நடந்த சம்பவம். சம்பவத்தை எழுதும்போது பார்த்ததையும் செய்ததையும் மட்டும் எழுதுங்கள். யார் தப்பு என்று எழுதாதீர்கள். குறையை மேனேஜரிடம் வாயால் சொன்னாலும் நோட்டிலோ வாட்ஸப்பிலோ ஒரு வரி இருக்கட்டும். உடைந்த மூடியைப் பற்றி நீங்கள் சொன்னதற்கு வேறு சாட்சி கிடைக்காது.

பெரிய சம்பவம் நடந்த அன்று, காப்பாற்ற முடிந்ததோ இல்லையோ, மறுபடி நாற்காலியில் உட்காராதீர்கள். கை நடுங்கும், கண் ஒரே இடத்தில் நிற்கும். மாற்று ஆள் இல்லை என்றால் குளத்தை மூடச் சொல்லுங்கள். தூக்கம் வராமல் அதே காட்சி திரும்பத் திரும்ப ஓடினால் மருத்துவரைப் பார்ப்பதில் வெட்கமில்லை.

10. வேலைக்குச் சேரும்போது கேட்க வேண்டியவை

சம்பளத்துக்கு முன்னால் கேட்க வேண்டியவை சில உண்டு. ஒரு நேரத்தில் எத்தனை பேரைக் குளத்தில் விடுகிறீர்கள்? என்னை எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை யார் மாற்றுவார்? நான் பாத்ரூம் போக வேண்டும் என்றால் குளத்தை யார் பார்ப்பது? தண்ணீர் கலங்கினாலோ இடி இடித்தாலோ யாரிடமும் கேட்காமல் குளத்தை மூட எனக்கு அதிகாரம் உண்டா? குளம் சுத்தம் செய்வது திறந்திருக்கும் நேரத்திலா, மூடியபின்னா? கற்றுத்தரும் நேரத்தில் காவலுக்கு இன்னொரு ஆள் உண்டா?

"அதெல்லாம் பாத்துக்கலாம் தம்பி, நீ முதல்ல வந்து சேரு" என்று பதில் வந்தால், நிதானமாக அவற்றை எழுதிக் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் வேறு குளம் பாருங்கள்.